காற்றுக்கும் விலாசம் உண்டு

கடந்த ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல். நாரணாபுரத்தில் அச்சகமும் காகித மொத்த வியாபாரமும் நடத்திவரும் நமது உறுப்பினர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். வெளியே புழுதி பறந்துகொண்டிருந்தது. ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பறக்கத் துடித்த ரசீதுக் கட்டின் மேல் ஓர் எடைக்கல்லை எடுத்து வைத்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, இம்புட்டுக் காத்து சும்மா போகுதே! காத்தாலையில பங்கு போட்டா கரண்டு பில்லு பாதியாக் குறையும்னு ஒருத்தர் வந்து சொல்றார். அச்சகக் கட்டடப் பத்திரத்தை பேங்க்ல வச்சாப் பணம் புரட்டிரலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

தரகர் கொடுத்திருந்த தாளை வாங்கிப் பார்த்தோம். வழவழப்பான காகிதம்; நான்கு வர்ணப் படம்; நமது ஊர் அச்சுக்குக் குறை சொல்ல முடியாது. காற்றாலை வரப்போவதாகச் சொல்லப்பட்ட இடம் நமது மாவட்டத்தின் தென்மேற்கு எல்லையை ஒட்டியது. ஆண்டுக்கு இத்தனை லட்சம் யூனிட் கிடைக்கும் என்று ஒரு பெரிய எண் போட்டிருந்தது. அந்த எண் எப்படி வந்தது என்று தேடினோம். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், கயத்தாறு பகுதியில் ஓடும் இயந்திரங்களின் உற்பத்தியைக் கொண்டு கணக்கிட்டது என்று இருந்தது.

வியாபாரிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒரு ஊர்ச் சரக்கில் மாதிரி காட்டி, வேறு ஊர்ச் சரக்கை எடை போடும் கதை இது. விருதுநகர் மார்க்கெட்டில் உளுந்து வாங்குபவர் மூட்டையில் குத்தூசி போட்டு உள்ளே இருப்பதை எடுத்துப் பார்க்காமல் விலை பேசுவாரா? அடுத்த கிட்டங்கி மூட்டையில் குத்திப் பார்த்துவிட்டு இந்த மூட்டைக்குப் பணம் கொடுப்பாரா? மாட்டார். ஆனால் அதே வியாபாரி காற்று என்று வரும்போது, கண்ணுக்குத் தெரியாத சரக்குதானே என்று நம்பிவிடுகிறார்.

காற்று எல்லா ஊரிலும் வீசும். ஆனால் விற்கத்தக்க காற்றுக்கு விலாசம் உண்டு. அந்த விலாசத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே நமது நாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அளவெடுத்து வரைபடம் போட்டு வருகிறார்கள். மின் கட்டணச் சுமையைக் குறைக்க வழி தேடும் நமது உறுப்பினர்கள் பலரும் இந்தக் கேள்வியைக் கேட்பதால், அந்த வரைபடம் என்ன சொல்கிறது, அதை எப்படிப் படிப்பது என்பதை இங்கே எழுத முற்படுகிறோம்.

கணவாய்தான் கடைவாசல்

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து கேரளத்தின் மேல் வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மலை உயரமாக இருக்கும் இடத்தில் காற்று தடைபடுகிறது. மேலே ஏறி மழையாகக் கொட்டுகிறது. மலை தாழ்ந்து வழி விடும் இடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. திருவிழாக் கூட்டம் குறுகலான சந்துக்குள் புகும்போது எப்படி வேகம் பிடிக்கிறதோ, அப்படி.

தமிழகத்துக்கு இத்தகைய வாசல்கள் நான்கு. முதலாவது பாலக்காட்டுக் கணவாய். கோவை, திருப்பூர், உடுமலைப்பேட்டை வட்டாரங்களுக்குக் காற்றைக் கொடுப்பது இது. இரண்டாவது கம்பம் கணவாய். தேனி, ஆண்டிப்பட்டிப் பகுதிக்கு. மூன்றாவது செங்கோட்டைக் கணவாய். தென்காசி, சுரண்டை, சங்கரன்கோவில் என்று கிழக்கே கயத்தாறு வரைக்கும் அதன் காற்று போகிறது. நான்காவது ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தல் அதன் நேர் எதிரே இருக்கிறது. நாகர்கோவிலுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் நமது லாரிக்காரர்களுக்கு அங்கே தார்ப்பாய் படும் பாடு தெரியும்.

இந்தக் காற்று ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதல்ல. மே முதல் செப்டம்பர் வரை, அதாவது வைகாசியில் பிடித்துப் புரட்டாசிவரை அதன் சீசன். ஆண்டு உற்பத்தியில் பெரும்பகுதி இந்த ஐந்து மாதத்திலேயே முடிந்துவிடும். பட்டாசு வியாபாரிக்குத் தீபாவளி எப்படியோ அப்படிக் காற்றாலைக்காரருக்கு இந்த மாதங்கள். சீசனில் சம்பாதித்து வருடம் முழுவதும் சாப்பிட வேண்டிய தொழில். ஆகவே, சீசனில் வாசலுக்கு நேர் எதிரே கடை போட்டவருக்கும், நாலு தெரு தள்ளிப் போட்டவருக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது.

குத்தூசி போட்ட அம்மையார்

இந்தியக் காற்றின் கணக்குப் புத்தகத்தை எழுதத் தொடங்கியவர்களில் முதலில் சொல்லவேண்டிய பெயர் அன்னா மணி. அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் 1918-ஆம் ஆண்டு பிறந்தவர். சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிப் பண்புகளை ஆராய்ந்தவர். பிறகு இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்துத் திரும்பி, 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி, காற்றுமானி முதலியவற்றுக்கு வெளிநாட்டை எதிர்பார்த்திருந்த காலத்தில், அவற்றை இங்கேயே செய்வதற்கும், எல்லாக் கருவிகளும் ஒரே அளவு காட்டும்படி தரப்படுத்துவதற்கும் பாடுபட்டார். நம் மொழியில் சொன்னால், முத்திரை போட்ட எடைக்கல்லைக் கொண்டுவந்தவர். 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பின்னரும் அவர் சும்மா இருக்கவில்லை. வானிலை நிலையங்களில் ஏற்கெனவே சேர்ந்திருந்த காற்று விவரங்களைத் தொகுத்து 1983-இல் ஒரு நூல் வெளியிடப்பட்டது. அதிலேயே ஒரு சிக்கலும் தெரிந்தது. வானிலை நிலையங்கள் பெரும்பாலும் ஊருக்குள் இருப்பவை. சுற்றிலும் கட்டடமும் மரமும் மறைக்கும். மின்சாரம் எடுக்கத்தக்க இடத்தின் காற்றை அவை காட்டவில்லை. ஆகவே, காற்று மிகுந்த இடங்களாகத் தேடிப் பார்த்து, அங்கே புதிதாகக் கம்பம் நட்டு அளக்க வேண்டும் என்று முடிவாயிற்று. இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் பெங்களூர்ப் பிரிவின் மூலம் அன்னா மணி அந்தக் கணக்கெடுப்பை நடத்தினார். உயரக் கம்பத்தில் இரண்டு மட்டங்களில் காற்றுமானி வைத்து, மணிக்கு மணி, மாதத்துக்கு மாதம் வேகமும் திசையும் குறித்தார்கள். 1990-களில் அந்த விவரங்கள் பல தொகுதிகளாக வெளிவந்தன. 2001-இல் அவர் திருவனந்தபுரத்தில் காலமானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். காற்றுக்கு அது பொருந்தாது. ஆடி மாதத்து ஒரு நாள் காற்று ஆண்டுக் காற்றுக்குப் பதமாகாது. குறைந்தது ஓராண்டு முழுவதும் அளந்தால்தான் ஓரிடத்துக் காற்றின் குணம் தெரியும். ஆண்டுக்கு ஆண்டும் காற்று மாறும் என்பதால், அந்த ஓராண்டு அளவையும் நீண்ட காலப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வரைபடம் வளர்ந்த வரலாறு

1986-ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் சில மாநிலங்களில் மாதிரிக்காக அமைக்கப்பட்டன. தமிழகத்தின் பங்குக்குத் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்கள் சுழன்றன. அடுத்து கயத்தாறு, முப்பந்தல், புளியங்குளம் முதலிய இடங்களிலும் அரசு சார்பில் மாதிரிப் பண்ணைகள் வந்தன. அவை ஓடிக் காட்டியதைப் பார்த்த பிறகே தனியார் முன்வந்தனர்.

1998-இல் சென்னைப் பள்ளிக்கரணையில் மத்திய அரசின் காற்று ஆற்றல் தொழில்நுட்ப மையம் நிறுவப்பட்டது. அதுவே 2014 முதல் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் என்று பெயர் பெற்றிருக்கிறது. அதன் இயந்திரப் பரிசோதனை நிலையம், கட்டபொம்மன் நினைவைத் தாங்கி நிற்கும் அதே கயத்தாற்றில் இருக்கிறது. சாத்தூர், கோவில்பட்டி தாண்டினால் அடுத்து வரும் ஊர்தான்.

இம்மையம் டென்மார்க்கின் ரிசோ ஆய்வுக்கூடத்துடன் சேர்ந்து 2010-இல் இந்தியக் காற்று வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. ஐரோப்பாவுக்கு இத்தகைய தொகுப்பை 1989-லேயே போட்டுக் கொடுத்த அனுபவம் ரிசோவுக்கு இருந்தது. அவர்களுடைய முறை என்னவென்றால், பல ஆண்டுக் காற்றோட்டத்தைக் கணிப்பொறியில் ஓட்டி, மலை, சமவெளி, காடு, ஊர் ஆகியவற்றின் மேல் அது எப்படிப் பாயும் என்று கணக்கிடுவது. பிறகு கம்பம் நட்டு அளந்த அளவுகளோடு பொருத்தி, வித்தியாசத்தைச் சரி செய்வது. நாடு முழுவதும் கம்பம் நட முடியாது அல்லவா? கம்பம் நட்ட இடங்களை வைத்து நடாத இடங்களை மதிப்பிடும் முறை இது.

அந்த 2010-ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி 50 மீட்டர் உயரத்தில் நாட்டின் காற்று மின் வாய்ப்பு 49,130 மெகாவாட். 80 மீட்டரில் 1,02,788 மெகாவாட். 2015-இல் 100 மீட்டர் உயரத்துக்கு மறுபடி கணக்கிட்டபோது சுமார் 3,02,000 மெகாவாட் என்று வந்தது. பிறகு 120 மீட்டருக்குச் சுமார் 6,95,000. 150 மீட்டருக்கு 11,60,000-க்கும் மேல். தமிழகத்துக்கு மட்டும் 100 மீட்டரில் சுமார் 33,800, 120 மீட்டரில் 68,750, 150 மீட்டரில் 95,100 மெகாவாட்.

இதைப் பார்த்துத் தமிழ்நாட்டில் காற்று மும்மடங்காகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. காற்று பழைய காற்றேதான். கோபுரம் உயர்ந்தது, கணக்கும் நுணுக்கமாயிற்று. 100 மீட்டர் வரைபடம் 500 மீட்டர் அளவுக்குப் பொடிக்கட்டமாகப் பிரித்து, சுமார் 1,300 இடங்களின் நேரடி அளவுகளோடு ஒப்பிட்டுப் போடப்பட்டது. தரிசு நிலம், விளைநிலம், காட்டு நிலம் என்று தரம் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கிடைக்கும் என்றும் பார்த்திருக்கிறார்கள். ஆக, இந்த எண்கள் வாய்ப்பைத்தான் சொல்கின்றன. உண்மையில் தமிழகத்தில் இதுவரை நிறுவப்பட்டிருப்பது 10,000 மெகாவாட்டைத் தாண்டிய அளவு. கிட்டங்கியில் இடம் இருப்பது வேறு, சரக்கு இருப்பது வேறு என்பது நாம் அறியாததல்ல.

வேகத்தின் கணக்கு

இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதில் உள்ள சக்தி இருமடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. வேகத்தை மூன்று தடவை தன்னாலேயே பெருக்க வேண்டும் என்பது விதி. ஓரிடத்தில் காற்று நொடிக்கு 5 மீட்டர் (மணிக்கு 18 கிலோமீட்டர்) வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தை ஐந்தால் பெருக்கி மறுபடி ஐந்தால் பெருக்கினால் 125. வேறோரிடத்தில் நொடிக்கு 6 மீட்டர். அதே போலப் பெருக்கினால் 216. வேகத்தில் ஒரே ஒரு மீட்டர்தான் வித்தியாசம். முகத்தில் படும்போது நமக்கு வேற்றுமை தெரியாது. ஆனால் சக்தியில் 73 சதவீதம் வித்தியாசம்! இயந்திரம் அந்தச் சக்தி முழுவதையும் பிடித்துவிடாது என்றாலும், ஒரு மில்லுக்கு லாபமா நஷ்டமா என்று தீர்மானிப்பது இந்த ஒரு மீட்டர்தான்.

இதையே ரூபாயில் பார்ப்போம். ஒரு மெகாவாட் இயந்திரம் ஆண்டு முழுவதும் முழு வேகத்தில் ஓடினால் 87.6 லட்சம் யூனிட். எந்த இயந்திரமும் அப்படி ஓடாது. நல்ல இடத்தில் அதில் 25 சதவீதம் கிடைத்தால் 21.9 லட்சம் யூனிட். சுமாரான இடத்தில் 15 சதவீதம்தான் என்றால் 13.14 லட்சம் யூனிட். வித்தியாசம் 8.76 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு ரூ.4 என்று ஒரு பேச்சுக்குப் போட்டாலும் ஆண்டுக்கு ரூ.35 லட்சம். இயந்திரத்தின் விலை இரண்டு இடத்துக்கும் ஒன்றே; வங்கி வட்டியும் ஒன்றே. மாதத் தவணை காற்றைப் பார்த்து வருவதில்லை.

கோபுர உயரமும் இப்படித்தான். தடையில்லாத சமவெளியில் 50 மீட்டரில் இருந்து 100 மீட்டருக்குப் போனால் வேகம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடும். எனவே ஒருவர் காற்று வேகம் இவ்வளவு என்று சொன்னால், எத்தனை மீட்டர் உயரத்தில் என்று உடனே கேட்க வேண்டும். உயரம் சொல்லாத வேகம், படி சொல்லாத விலை போன்றது.

வரிச்சலுகையைப் பார்த்தோர், இடத்தைப் பாராதோர்

1990-களில் நடந்ததை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காற்றாலையின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரிச் சட்டம் அன்று இடம் கொடுத்தது. 1994 முதல் 1996 வரை தென் மாவட்டங்களில் காற்றாலைகள் மளமளவென்று எழுந்தன. மார்ச் 31-க்குள் இறக்கை சுற்றிவிட்டால் போதும், வரி மிச்சம் என்பதே பலருடைய கணக்காக இருந்தது. ஏப்ரலுக்குப் பிறகு அந்த இறக்கை எவ்வளவு சுற்றும் என்று கேட்டவர்கள் குறைவு. நல்ல இடங்கள் தீர்ந்தபின் சுமாரான இடங்களிலும் இயந்திரங்கள் நின்றன. 1996-இல் குறைந்தபட்ச மாற்று வரி வந்ததும் அந்த வேகம் படுத்துவிட்டது.

அதன் பிறகு தேய்மானச் சலுகை 80 சதவீதமாயிற்று, 2012-இல் எடுக்கப்பட்டது, 2014-இல் மீண்டும் வந்தது, 2017 ஏப்ரல் முதல் 40 சதவீதமாகக் குறைந்தது. இடையில், 2009 டிசம்பரில், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை என்று மத்திய அரசு அறிவித்தது. நிறுவியதற்கு அல்ல, ஓடியதற்குப் பணம் என்பதே அதன் எண்ணம். சலுகைகள் வரும், போகும். காற்று மட்டும் வாசலை மாற்றிக்கொள்வதில்லை. வரிச் சலுகையை நம்பி இடம் வாங்கியவர் சலுகை போனதும் தவித்தார். காற்றை நம்பி இடம் வாங்கியவர் இன்றும் யூனிட் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. முதன்முதலில் போனவர்கள் பிடித்த இடங்கள்தான் காற்று மிகுந்தவை. அங்கே 225, 250 கிலோவாட் சிறு இயந்திரங்கள் தாழ்ந்த கோபுரங்களில் இன்னும் ஓடுகின்றன. அவற்றை எடுத்துவிட்டு உயரமான பெரிய இயந்திரங்களை வைப்பதற்கும், பழையதைச் சீரமைத்து ஆயுளை நீட்டிப்பதற்கும் தமிழக அரசு 2024-இல் தனிக் கொள்கை வகுத்திருக்கிறது. நமது உறுப்பினர் குடும்பங்களில் தகப்பனார் காலத்து மில் ஏதேனும் முப்பந்தல், கயத்தாறு பக்கம் இருக்குமானால், பழைய இரும்பு என்று எண்ணிக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். இரும்புக்கு விலை குறைவாக இருக்கலாம்; அது நிற்கும் இடத்துக்கு மதிப்பு உண்டு.

நாரணாபுரம் எங்கே இருக்கிறது?

இனி நமது ஊருக்கு வருவோம். மேலே சொன்ன நான்கு வாசல்களையும் படத்தில் குறித்துக்கொண்டு பார்த்தால், நாரணாபுரம், சிவகாசி, திருத்தங்கல் ஆகியவை எந்த வாசலுக்கும் நேராக இல்லை. வடமேற்கே கம்பம் கணவாய்க் காற்று ஆண்டிப்பட்டிப் பக்கம் போகிறது. தெற்கே செங்கோட்டைக் காற்று சங்கரன்கோவில் வழியாகக் கயத்தாற்றுப் பக்கம் போகிறது. நமக்கு நேர் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மலைகள் உயர்ந்து நிற்கின்றன. மலைக்குப் பின்னால் வரும் காற்று நிலையாக வருவதில்லை. சுழன்று, விட்டுவிட்டு வீசும். புழுதியைக் கிளப்ப அது போதும்; இறக்கையைச் சீராகச் சுற்ற அது போதாது. இயந்திரத்துக்கு வேண்டியது நாளெல்லாம் ஒரே கதியில் வரும் காற்று. நொடிக்கு சுமார் 3 மீட்டர் வேகத்துக்குக் கீழே அது சுற்றத் தொடங்காது. 25 மீட்டரை நெருங்கும் சூறையில் தானே நின்றுவிடும்.

இதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. நமது முன்னோர் ஊரின் வானிலையை அறிந்தே தொழில் தேர்ந்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்து இங்கே தொடங்கினார்கள். மழை குறைந்த இந்தக் கரிசல் பூமியின் காய்ந்த வெயில், தீக்குச்சி காயவும் பின்னாளில் பட்டாசு காயவும் கைகொடுத்தது. விவசாயிக்குச் சாபமாக இருந்த வெயிலை அவர்கள் முதலாக்கினார்கள். இடத்துக்கு ஏற்ற தொழில் என்பதே அவர்கள் விட்டுச் சென்ற பாடம். அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததும் இதே வெயிலை நம்பித்தான். அச்சகக் கூரையில் விழும் வெயிலுக்கு நாம் கணவாய் தேட வேண்டியதில்லை.

காற்று மின்சாரம் நமக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இங்கே விளையும் சரக்கு அல்ல. விளையும் ஊரில் வாங்கி, மின் கம்பி வழியாக இங்கே கொண்டுவர வேண்டிய சரக்கு. கோதுமை இங்கே விளையவில்லை என்பதற்காக நாம் மாவு அரைக்காமல் இருக்கிறோமா?

பணம் போடுமுன் கேட்க வேண்டியவை

1. குறிப்பிட்ட சர்வே எண்ணில், அல்லது மிக அருகில், கம்பம் நட்டு அளந்த ஓராண்டுப் பதிவு உண்டா? எந்த உயரத்தில் அளந்தது? வேற்றூர் இயந்திரத்தின் உற்பத்தியைக் காட்டினால் ஏற்கக் கூடாது.

2. தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் வரைபடத்தில் அந்த இடம் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது? உலக வங்கியும் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வெளியிட்டுள்ள உலகக் காற்று வரைபடத்தையும் யாரும் கட்டணமின்றிக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். வரைபடம் வட்டாரத்தைச் சொல்லும். நிலத்தைச் சொல்வது கம்பம்தான். ஆனால் வரைபடமே கைவிரித்த இடத்தில் கம்பத்துக்கும் வேலையில்லை.

3. சொல்லப்படும் யூனிட் சராசரி ஆண்டுக்கானதா, பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டாவது நிச்சயம் கிடைக்கக் கூடியதா? இரண்டும் வேறு வேறு எண்கள். கடன் கணக்குப் போடுவதற்குப் பின்னதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

4. மேற்குப் பக்கத்தில் வேறு மில்கள் உண்டா, வரப்போகின்றனவா? முன்னால் நிற்கும் இறக்கை பின்னால் இருப்பதன் காற்றைக் கெடுத்துவிடும். காற்றுத் திசையில் இறக்கை வட்டத்தைப் போல் ஏழு மடங்கும், குறுக்கே ஐந்து மடங்கும் இடைவெளி விடுவது பழைய வழக்கம்.

5. துணை மின் நிலையம் எவ்வளவு தூரம்? அதில் இடம் இருக்கிறதா? சீசனில் நல்ல காற்று அடிக்கும்போது மின்பாதையில் இடமில்லாமல் இயந்திரங்களை நிறுத்தி வைத்த அனுபவம் தமிழகத்தில் பலருக்கு உண்டு. அதற்காகவே கயத்தாறு, தேனி மாவட்டத்துத் தப்பகுண்டு முதலிய இடங்களில் 400 கிலோவோல்ட் நிலையங்கள் வந்தன.

6. நிலத்தின் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று சரியாக உள்ளனவா? பாதை எந்த நிலத்தின் வழியே வருகிறது? இறக்கை கொண்டுவரும் நீண்ட லாரி திரும்ப இடம் உண்டா?

7. பங்குதாரராகச் சேர்ந்து சொந்த உபயோகத்துக்கு மின்சாரம் எடுப்பதானால், 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோர் குறைந்தது 26 சதவீத உரிமை வைத்திருக்க வேண்டும். உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். இந்த ஏற்பாடு பொதுவாக உயர் அழுத்த மின் இணைப்பு உள்ள அச்சகம், ஆலை போன்றவற்றுக்கே பயன்படும். சாதாரணக் கடை இணைப்புக்குப் பொருந்தாது. சீசனில் மிஞ்சும் யூனிட்டை மின் வாரியத்தில் வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் விதி, இயந்திரம் எந்த ஆண்டில் நிறுவப்பட்டது என்பதைப் பொறுத்து மாறும். கையெழுத்துக்கு முன் ஒழுங்குமுறை ஆணையத்தின் அன்றைய ஆணையை ஆடிட்டரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அந்த வட்டாரத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். தனி மரங்கள் கிழக்கே சாய்ந்து வளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். காற்று எந்நேரமும் ஒரே பக்கமிருந்து தள்ளும் ஊரில் மரமே சாட்சி சொல்லும். அது கம்பத்துக்கு மாற்று ஆகாது. ஆனால் தாளில் உள்ள படத்தைவிட நம்பத்தக்கது.

முடிவாக

நாரணாபுரத்து உறுப்பினரின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றைக்கே கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து அவருடைய மேசை மீது வைத்தோம். கணவாய்களின் எதிரே அடர்ந்த நிறம். தரகர் காட்டிய இடத்தில் வெளுத்த நிறம். அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் தரகரிடம் முதல் கேள்வியை மட்டும் கேட்டார். கம்பம் நட்டு அளந்த பதிவைக் கொண்டு வருகிறேன் என்று போனவர், இதை எழுதும் நாள் வரை திரும்பவில்லை. அச்சகக் கட்டடத்தின் பத்திரம் அவருடைய பீரோவிலேயே இருக்கிறது.

அவர் இப்போது தன்னைப் போல் உயர் அழுத்த இணைப்பு உள்ள சிலருடன் சேர்ந்து, ஏற்கெனவே பல ஆண்டு உற்பத்திக் கணக்கு உள்ள ஓர் இடத்தில் பங்கு பெற முடியுமா என்று விசாரித்து வருகிறார். இந்த முறை அவர் முதலில் கேட்டது மில்லின் விலையை அல்ல; மின் வாரிய மீட்டர் காட்டிய மாதவாரி யூனிட் கணக்கை.

கூட்டாக விசாரித்தால் செலவும் குறையும், ஏமாற்றமும் குறையும். இத்தகைய தாள் எதுவும் உங்கள் கடைக்கு வந்தால், கையெழுத்துப் போடும் முன் சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள்; சேர்ந்து படிப்போம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நமது முதல் பறக்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.